ஹாப்பர் வண்டியில் ஒரு நடை: லுமுட் சோளமும் கமுந்திங் மழையும்

யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் இரண்டு பேர்: ஓட்டும் இடத்தில் என் வீட்டுக்காரர் குணசேகர், பக்கத்து இருக்கையில் உதவியாளாக நான். கமுந்திங்கில் உள்ள கோழித்தீவன ஆலையில் எங்களோடு இருந்தவர்கள் மூன்று பேர்: சரக்கு இறக்கும் கொட்டகையின் மேற்பார்வையாளர் கக் நோர் (மலாயில் கக் என்றால் அக்கா), எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற டிப்பர் லாரி ஓட்டுநர் முருகையா அண்ணன், சோளம் கொட்டும் குழியைப் பார்த்துக்கொள்ளும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர். ஆக ஐந்து பேர். எங்கள் எஸ்டேட் முனியாண்டி சாமியைச் சேர்த்தால் ஆறு. நான் சேர்த்துத்தான் எழுதுவேன்.

பயணம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாக வேறொருவருடைய லாரியை ஜொகூருக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். ஞாயிறு சாயங்காலம் போனால் வெள்ளிக்கிழமைதான் வீட்டுச் சோறு. எங்கள் பேராக் மாநிலத்துக்குள்ளேயே ஓடி, பொழுது சாய்வதற்குள் திரும்பும்படி ஒரு நடை கிடைக்காதா என்று நாங்கள் தேடாத இடமில்லை. அப்படித்தான் ஈப்போவில் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன வியாபாரியிடம், பழைய முன்வண்டி ஒன்றையும் அதன் பின்னால் கொளுவும் ஹாப்பர் டிரெய்லரையும் வாங்கினோம். ஹாப்பர் என்றால் பெரிய புனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்திருக்கும், அடிவயிற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு கதவு. மூட்டை கட்டாத சோளம், பிண்ணாக்கு, சுண்ணாம்புக்கல் குருணை எல்லாவற்றையும் மேலே கொட்டி நிரப்பி, கீழே கதவைத் திறந்து இறக்கலாம். டிப்பர் மாதிரி தொட்டியைத் தூக்க வேண்டியதில்லை.

எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, கைத்தொலைபேசியில் யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். புரியாத ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி இருக்கிறது.

கமுந்திங் ஆலையில் ஒரு சங்கடம் இருந்தது. ஊர் தைப்பிங்கை ஒட்டியது, தைப்பிங் மழை உங்களுக்குத் தெரியும். சோளம் நனையக்கூடாது என்று குழிக்கு மேல் கூரை போட்டார்கள். கூரையைத் தாழ்வாகப் போட்டுவிட்டார்கள். டிப்பர் உள்ளே நுழையும், ஆனால் தொட்டியைத் தூக்கினால் கூரையில் இடிக்கும். அதனால் வாசலில் நின்று, பாதி உடம்பு வெளியே இருக்கத் தூக்கிக் கொட்டுகிறார்கள். மழை பிடித்தால் விடும்வரை அத்தனை டிப்பரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இந்தச் செய்தி எங்கள் காதுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் போய்ப் பேசினார். "ஒரு லோடு கொண்டு வந்து காட்டுங்கள், பார்க்கலாம்" என்றார் கக் நோர். லுமுட் துறைமுகத்திலிருந்து அந்த ஒரு லோடு சோளம் கொண்டுபோனதுதான் இந்தப் பயணம். தேறினால் தினசரி நடை. தேறாவிட்டால் ஹாப்பரை விற்றுவிட்டு அவர் மறுபடி ஜொகூர் வண்டியில் ஏற வேண்டும். ஜொகூர் முதலாளி தொலைபேசியில் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எங்கள் வீடு சிம்பாங் பூலாயைத் தாண்டி ஒரு பழைய எஸ்டேட்டில். இப்போது ரப்பர் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. எஸ்டேட் சாலை முடிகிற இடத்தில் முனியாண்டி கோயில். புது வண்டி எதுவானாலும் அங்கே ஒரு பூசை போடாமல் பெரிய சாலை ஏறாது. பூசாரி மணியம் அண்ணன் கற்பூரத்தட்டோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். மஞ்சள் கயிற்றில் எலுமிச்சையும் வேப்பிலையும் கோத்துக் கையில் வைத்திருந்தார். வழக்கமாக முன்பக்கத்து இரும்பில் கட்டுவது அது.

"இந்த வண்டிக்கு வாய் எங்கலா இருக்கு?" என்று கேட்டார்.

"முன்னால கட்டுங்கண்ணே, எப்பவும் போல" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "முன்னால என்னா இருக்கு? இதுக்குப் பொழப்பே கீழதான். கதவு தொறந்தாதான் நமக்குச் சோறு. அங்க கட்டுங்கண்ணே."

பூசாரி யோசித்தார். அவருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் தவழ்ந்து போய், பின்கதவுக்குப் பக்கத்தில் நல்ல இறுக்கமாகக் கட்டிவிட்டு வந்தார். "மழ இல்லாம, மறிப்பு இல்லாம போய்ட்டு வாங்க" என்று சத்தமாக வேண்டித் திருநீறு கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வேறு வேண்டினேன். அப்பனே, இன்றைக்கு மழை வேண்டும், நல்ல மழையாக வேண்டும் என்று. வெயிலில் போனால் டிப்பருக்கும் ஹாப்பருக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? இதை என் வீட்டுக்காரரிடம் அப்போது சொல்லவில்லை.

ஈப்போவிலிருந்து லுமுட் போகும் சாலை நல்ல சாலை. ஸ்ரீ இஸ்கந்தார் தாண்டும்போது விடிந்துவிட்டது. சித்தியவானில் ஒரு கடையில் பசியாறினோம்: இரண்டு தோசை, ஒரு ரொட்டி சானாய், இரண்டு தே தாரிக், எல்லாம் பதினொரு ரிங்கிட் நாற்பது காசு. மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டி வந்திருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், துறைமுகத்துக்குள் போய்விட்டால் சாப்பாட்டுக்கு வெளியே வர முடியாது. சிம்பாங் பூலாயிலிருந்து துறைமுகக் கிடங்கு வரை எங்கள் மீட்டரில் தொண்ணூறு கிலோமீட்டர்.

பெண்கள் யாராவது இப்படித் துணைக்குப் போவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். சேலை கூடாது. நான் பஞ்சாபி சூட் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பளபளக்கும் மேற்சட்டையும் போட்டிருந்தேன். தலைக்கவசமும் இரும்பு முனை வைத்த சப்பாத்தும் இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சப்பாத்து என் மகனுடையது. ஒரு அளவு பெரிது, முன்னால் பழைய துணி அடைத்துக்கொண்டேன். அடையாள அட்டையும் உதவியாளுக்கான பதிவும் முந்திய நாளே முடித்திருந்தோம்.

ஏற்றுவதற்கு முன் கிடங்கு ஆள் ஒருவர் ஏணியில் ஏறி ஹாப்பருக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கடைசியாக என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டார். உரம் ஏற்றிய வண்டியில் தீவனம் ஏற்ற விடமாட்டார்கள். நாங்கள் இரண்டு நாள் முன்பே கழுவி வெயிலில் உலர்த்தியிருந்தோம். மூலைகளை நானே உள்ளே இறங்கித் துடைத்தேன். அவர் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு மேலேயிருந்து குழாய் வழியாகச் சோளம் விழ ஆரம்பித்தது. ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கி இருபது நிமிடம். எடை மேடையில் சோளம் மட்டும் இருபத்தாறு டன் நானூறு கிலோ. ஈரமான மண்ணும் உலர்ந்த தவிடும் கலந்த மாதிரி ஒரு வாசனை, பொன்தூள் மாதிரி தூசி. மூக்கை மூடிக்கொள்ள ஒரு துணி வைத்திருப்பது நல்லது.

தார்ப்பாயைச் சுருட்டிவைத்த குழாயைப் பக்கத்தில் நின்று கைப்பிடியால் சுற்றினால் அதுவே மேலே விரிந்து மூடிவிடும். டிப்பர்க்காரர்கள் மேலே ஏறி இழுத்துக் கட்டுகிற பாட்டை நான் பல வருடம் கதையாகக் கேட்டிருக்கிறேன். இங்கே தரையில் நின்றபடியே நானே மூடினேன். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு லாரி ஓட்டுகிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

லுமுட்டிலிருந்து கமுந்திங்குக்குப் பந்தாய் ரெமிஸ், தெரோங், சங்காட் ஜெரிங் வழியாகப் போனோம். தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர். பாரம் ஏற்றிய ஹாப்பரின் நடை வேறு மாதிரி. பாரம் கீழே உட்கார்ந்திருப்பதால் வளைவுகளில் ஆட்டம் குறைவு. ஆனால் வயிறு தாழ்வு, கம்பத்து (மலாய்க் கிராமத்து) சாலைகளில் இருக்கும் வேகத்தடை மேடுகளில் ஆமை மாதிரிதான் ஏற வேண்டும். தெரோங்கைத் தாண்டி ஒரு கடையில் நிறுத்தினோம். கடைக்கார பாய் கல்லாவிலிருந்தே வானத்தைப் பார்த்தார்.

"அக்கா, தைப்பிங் பக்கம் கறுத்துக் கெடக்கு. லோடு என்னா, சோளமா? ஒரு மணி நேரம் இங்கேயே உக்காந்துட்டுப் போங்கலா."

"இல்ல பாய், இப்பவே போறோம்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் வேண்டுதலைச் சொன்னேன். அவர் கோப்பிக் கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஊர்ல எல்லாரும் மழ வேணாம்னு கும்புடுறான். நீ ஒருத்திதான் லாரிக்காரன் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு மழ கேட்டிருக்க." இரண்டு கோப்பி, நான்கு ரிங்கிட். பாய் வாங்க மறுத்தார், வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்றேகால் மணிக்கு ஆலை வாசல். எங்களுக்குப் பின்னாலேயே முருகையா அண்ணனின் டிப்பர். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே எஸ்டேட் பள்ளிக்கூடம். இறங்கி வந்து ஹாப்பரின் அடியைக் குனிந்து பார்த்தார்.

"என்னா மச்சான், கோழி முட்ட போடுற மாதிரி குந்திக்கிட்டுப் போடுமா இது?"

"போடும் போடும். நீ கூரைக்கு வெளிய நின்னு வேடிக்க பாரு."

"தங்கச்சி, இவன நம்பி நகையெல்லாம் வித்துடாதலா. அடில கதவு வச்சவன் எவன்னு தெரியல, ரோட்டுல தொறந்துக்கிட்டா ஈப்போ காக்காய்க்கெல்லாம் தீபாவளிதான்."

நான் சிரித்தேன். நீளக் குத்தூசியை விட்டுச் சோளத்தை எடுத்து ஈரம் பார்த்தார்கள். சரி என்று சீட்டு வந்தது. அந்த நேரத்தில் வானம் பிளந்துகொண்டது. மழை என்றால் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாத மழை. வாசலில் தொட்டி தூக்கத் தயாராக நின்ற டிப்பர் தார்ப்பாயை மறுபடி மூடிக்கொண்டு பின்வாங்கியது. கக் நோர் குடையோடு வந்து எங்களைப் பார்த்து, "நீங்கள் உள்ளே வாருங்கள்" என்று மலாயில் சொல்லிக் கையசைத்தார்.

கூரைக்குக் கீழே குழி. அதன்மேல் இரும்புக் கம்பி வலை. என் வீட்டுக்காரர் முன்கதவைக் குழிக்கு நேராக நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினார். சோளம் சரசரவென்று இறங்கியது. மேலே தகரக்கூரையில் மழை, கீழே சோளம், இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஒரு சொட்டு நீர் உள்ளே வரவில்லை. கக் நோர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புன்னகை செய்தார். நான் முனியாண்டிக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, வண்டி முன்னே நகர்ந்து பின்கதவு குழிக்கு நேராக வந்தது. நான்கு விரல் அகலம் திறந்தது, நின்றது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்தார். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

குனிந்து விளக்கடித்துப் பார்த்தோம். கதவை இழுக்கும் பல்சக்கரத்திலேயே பூசாரி கட்டியிருக்கிறார். சக்கரம் சுற்றச் சுற்ற மஞ்சள் கயிறு பல்லுக்குப் பல் சுருண்டு உள்ளே போய்விட்டது. எலுமிச்சையும் வேப்பிலையும் மட்டும் திறப்பின் விளிம்பில், சோளம் விழுகிற இடத்துக்கு மேலே ஊசலாடிக்கொண்டிருந்தன. கம்பி வலையின் இடைவெளியில் எலுமிச்சை தாராளமாக விழும். தீவனத்தில் அந்நியப் பொருள் விழுந்தால் குழியையே நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு எங்களை யார் கூப்பிடுவார்கள்?

"அத அறுத்துடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "முனியாண்டிக்குக் கட்டுனதுலா. நான் எப்படி அறுக்கிறது?"

மழைக்கு ஒதுங்கிப் பக்கத்தில் வந்து நின்ற முருகையா அண்ணனைப் பார்த்தேன். கேலி எல்லாம் போய்விட்டது. "என்னைய பாக்காத தங்கச்சி. நான் இன்னும் டிப்பர் ஓட்டணும்" என்று இரண்டடி நகர்ந்தார். வங்காளதேசத்துத் தொழிலாளி கையை நீட்ட, இரண்டு பேரும் சேர்ந்து "வேணாம், வேணாம்" என்று தடுத்தார்கள். சோளம் மெல்லிசாக இறங்கிக்கொண்டே இருந்தது. எலுமிச்சை ஆடிக்கொண்டே இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் விரதம் இருப்பவள் நான். அந்தக் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் விளக்கு போடுகிறேன். அவர் எனக்குத் தெரியாதவர் இல்லை. மழை கேட்டேன், கொடுத்தார். கொடுத்த மழைக்குள் எங்களை மாட்டி வைப்பதற்காகவா கொடுத்திருப்பார்? நான் கக் நோரிடம் போய், வண்டியின் உதவியாள் நான்தான், அடியில் போக வேண்டும் என்றேன். அவர் இன்ஜினை அணைக்கச் சொல்லி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லி, என் தலைக்கவசத்தின் வாரைத் தானே இறுக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியையும் எடுத்துக் கொடுத்தார்.

அடியில் போனேன். துப்பட்டாவை அவிழ்த்து எலுமிச்சைக்குக் கீழே இடது கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டேன். "அப்பனே, இடம் தெரியாமக் கட்டிட்டோம். கோவிச்சுக்காத" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அறுத்தேன். எலுமிச்சை துப்பட்டாவில் விழுந்தது. வேப்பிலை ஒன்று விடாமல் பொறுக்கினேன். பல்லில் சுருண்டிருந்த கயிற்றைத் துண்டு துண்டாக இழுத்து எடுத்தேன். நீளமான துண்டு ஒன்று முழுதாக வந்தது, அதை என் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முகமெல்லாம் சோள மாவு. முருகையா அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தங்கச்சி, கொஞ்சம் எண்ணெய விட்டா பொரிச்சுடலாம் போல இருக்கலா!"

கதவு திறந்தது. மிச்சச் சோளம் ஏழு நிமிடத்தில் காலி. கக் நோர் என் துப்பட்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"எங்கள் துஆ மாதிரி" என்றேன் மலாயில். துஆ என்றால் அவர்களுடைய வேண்டுதல், வேறு எப்படிச் சொல்வது?

அவர் தலையசைத்தார். "துஆ பொலே, செய்யலாம். ஆனால் கியரில் கட்டாதீர்கள்."

அதன் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். சோளம் உலர்ந்தே வந்திருக்கிறது, கூரைக்குள் இறங்கியிருக்கிறது, ஆலைக்கு இந்த வண்டி வேண்டும். ஆனால் ஒரு வண்டியை நம்பி அவரால் தினசரி நடை கொடுக்க முடியாது. அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் தீவனம் நின்றுவிடும். இரண்டு ஹாப்பர் இருந்தால் நடை எங்களுக்கு. அடுத்த மாதக் கடைசிக்குள், அதாவது இந்த மாதம் முடிவதற்குள், சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் வேறு ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

மிச்சமிருந்த புளிச்சோற்றை முருகையா அண்ணனிடம் கொடுத்தேன். மழை இன்னும் விடவில்லை, அவருக்கு முன்னால் மூன்று டிப்பர். என் வேண்டுதலால் அவர் நனைகிறார் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டே ஹாப்பரை இன்னொரு முறை சுற்றி வந்தார். இந்த முறை குனிந்து கதவைத் தொட்டுப் பார்த்தார். "இது மாதிரி இன்னொன்னு ஈப்போல கெடைக்குமா, மச்சான்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "அதே தவுக்கே கிட்ட ஒன்னு நிக்குது" என்றார். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் தன் வண்டிக்குப் போனார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் கோலகங்சார் வழியாக வந்தோம். மெனோரா சுரங்கத்துக்குள் நுழைந்தபோது மழை, வெளியே வந்தபோது ஈப்போ மலைகளின் மேல் வெயில். வீட்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டோம். நாள் முழுக்க இருநூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர், டீசல் நூற்றுப் பத்து லிட்டர். சுங்கக் கட்டணம் அச்சு எண்ணிக்கையைப் பொறுத்தது, உங்கள் வண்டிக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் குளித்துவிட்டு வந்து செவ்வாய்க்கிழமை ராத்திரி சூடான ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். பதினோரு வருடத்தில் வேலை நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை. அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹாப்பர் எல்லாச் சரக்குக்கும் ஆகாது. ஈரமான பொருள் மூலையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. திரும்பும்போது கிடைத்ததை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், அடுத்த நாள் தீவனம் ஏற்ற முடியாமல் போகும். சுத்தமான சுண்ணாம்புக்கல் குருணை மட்டும் கேட்டுப் பாருங்கள், கழுவி உலர்த்த நேரம் வைத்துக்கொண்டு. எஸ்டேட் சாலை மேடுகளை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். தைப்பிங் பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், டிப்பர்க்காரர்கள் காலையிலேயே போய்ச் சேருங்கள். பூசை கட்டாயம் போடுங்கள். கயிற்றை முன்னால் கட்டச் சொல்லுங்கள். பூசாரி மணியம் அண்ணனிடமும் நானே சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் வருத்தப்பட்டார், இப்போது சரியாகிவிட்டது.

கடைசியாக, முருகையா அண்ணன் வீட்டு அண்ணிக்கு. அண்ணன் கேட்டாரா என்று தெரியவில்லை. கூச்சப்பட்டுக் கேட்காமலும் இருந்திருப்பார். அதனால் நானே கேட்கிறேன். தவுக்கேயிடம் இருக்கும் அந்த இரண்டாவது ஹாப்பரை நீங்கள் எடுத்தால் கமுந்திங் நடை நம் இரண்டு வீட்டுக்கும் கிடைக்கும், இரண்டு பேரும் பொழுதோடு வீட்டுக்கு வருவார்கள். கணக்கெல்லாம் என்னிடம் இருக்கிறது, எந்த நாள் வேண்டுமானாலும் வந்து பாருங்கள். முடியாது என்றாலும் பரவாயில்லை, நாங்கள் வேறு ஆளைக் கேட்க வேண்டும். தயவுசெய்து வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.